எட்டுச் சுற்று

என் ஓரகத்திக்கு நான் வைத்த பெயர் பீச்சாங்கை. முகத்துக்கு நேரேதான் கூப்பிடுவேன். எங்கள் வில் பட்டறையில் நாண் கட்டும் மேசை ஒன்றே ஒன்றுதான், ஜன்னலோரம் கிடக்கிறது. நான் வலது கையால் நூலை முறுக்குவேன். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்து அவள் இடது கையால் முறுக்குவாள். முழங்கையும் முழங்கையும் முட்டாத நாளில்லை. இடம் மாறி உட்காரலாமே என்பீர்கள். அவள் முதலில் எழுந்தால் நான் எழுகிறேன் என்றேன். அவளும் அதையே சொன்னாள். எட்டு வருஷம் இப்படியே போயிற்று.

முழங்கையோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் நாணின் ஒரு முனையில் மட்டும் வளையமாகக் கண்ணி வைப்பேன். மறுமுனையை வில்லின் கீழ்நுனியில் சுற்றி முடிச்சுப் போடுவேன். நீளம் கூடக்குறைய இருந்தால் முடிச்சை நகர்த்தினால் தீர்ந்தது. அவளோ இரண்டு முனையிலும் கண்ணி வைப்பாள். நாணைக் குட்டையாக்க வேண்டுமென்றால் கீழ்க்கண்ணியைக் கழற்றி முறுக்கை ஏற்ற வேண்டும், நீளமாக்க வேண்டுமென்றால் இறக்க வேண்டும். முடிச்சு நழுவும் என்பாள் அவள். உன் கண்ணிக்குக் கணக்குப் பிள்ளை வைக்க வேண்டும் என்பேன் நான். பிடிமானத்துக்காக என் மெழுகில் விளக்குக் கரி கலப்பேன். விரலெல்லாம் கறுப்பாகும், உண்மைதான். அவளுடையது வெறும் தேன்மெழுகு. என் டப்பாவைத் திறந்தாலே மூக்கைச் சுளிப்பாள்.

வில் பயிற்சிப் பள்ளியிலிருந்து நாற்பது வில்லுக்கு நாண் கேட்டார்கள். எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும், இரண்டையும் எய்து பார்த்துத்தான் சொல்வேன் என்றார் அங்கே பயிற்சி கொடுப்பவர். எங்கள் சண்டையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்த என் கணவர் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். யார் நாண் தேறுகிறதோ மேசை அவளுக்கு. மற்றவள் பின்னால் பசை காய்ச்சும் அறைக்குப் போக வேண்டும். அந்த அறைக்கு ஜன்னலும் கிடையாது, அங்கே போனவளுக்கு இனி நாண் வேலையும் கிடையாது. கொழுந்தனாரும் தலையாட்டிவிட்டார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு வில்லில் என் நாணையும் இன்னொன்றில் அவள் நாணையும் பூட்டிப் பார்த்தோம். கைப்பிடியின் மேல் மூடிய கைமுட்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் விரல் நுனி நாணைத் தொட வேண்டும். அதுதான் அளவு. என்னுடையது தொட்டது. அவளுடையது புது நூல், இழுபட்டு நீண்டுபோயிருந்தது. கட்டைவிரலை நிமிர்த்தவே இடமில்லை. அப்படி வில்லை ஒட்டித் தாழ்ந்து நிற்கும் நாண் எய்கிறவர் மணிக்கட்டில் சுளீரென்று அடிக்கும். நான் அளந்ததை அவளும் பார்த்தாள். வில்லைத் தளர்த்திக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள்.

அதோடு நான் விட்டிருக்கலாம். விட்டால் நான் நானாக இருப்பேனா? அவள் காலையில் சீக்கிரம் வந்து நாலைந்து சுற்று முறுக்கேற்றிவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு என்னைப் பிடுங்கித் தின்றது. எட்டுச் சுற்று இறக்கி வைத்துவிட்டால் நாலைந்து ஏற்றினாலும் பத்தாது. விடிந்ததும் அவளுக்கு முன்னால் பட்டறைக்குப் போனேன். தொங்கிக்கொண்டிருந்த கீழ்க்கண்ணியைப் பிடித்தேன். கை பழகிய வேலை, பார்க்கவே வேண்டியதில்லை. எட்டுச் சுற்று எண்ணித் திருப்பினேன். சுற்றச் சுற்ற நாண் விறைத்த மாதிரி இருந்தது. காலைக் குளிருக்கு மெழுகு இறுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் செருப்புச் சத்தம். அவளும் பயிற்சி கொடுப்பவரும் ஒன்றாகவே உள்ளே வந்தார்கள், பின்னாலேயே என் கணவரும் கொழுந்தனாரும். இனி அவளால் ஒரு சுற்றுக்கூட ஏற்ற முடியாது. என் வயிறு குளிர்ந்தது.

அவர் முதலில் என் நாணைப் பூட்டி ஆறு அம்பு எய்தார். நல்ல நாண் என்றார். கழற்றி மறுபடி பூட்டியபோது முடிச்சு துளி நகர்ந்திருந்தது. பிள்ளைகள் தினமும் கழற்றி மாட்டுவார்களே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அடுத்த வில்லை அவர் எடுத்தபோது பீச்சாங்கை கையை நீட்டி, கொஞ்சம் முறுக்கேற்றித் தருகிறேன் என்றாள். அவர் அதற்குள் பூட்டி அளந்துவிட்டார். கட்டைவிரல் கச்சிதமாகத் தொடுகிறதே, எதற்கு என்றார். எய்தார். நாண் மணிக்கட்டின் பக்கமே போகவில்லை. நாற்பதும் இந்த வகையிலேயே கொடுங்கள் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலது கைக்காரி முறுக்கும் திசை வேறு, இடது கைக்காரி முறுக்கும் திசை வேறு. என் கைக்கு இறக்கம் என்பது அவள் நாணுக்கு ஏற்றம். எட்டு வருஷமாக என்னை இடித்த கை, அந்தக் கையைச் சொல்லித்தான் தினமும் அவளைக் கூப்பிட்டேன். வேண்டிய நேரத்தில் அது மட்டும் மறந்துபோயிற்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆண்கள் அவரை வழியனுப்ப வெளியே போனார்கள். அவள் நாணைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெளுப்பான கீழ்க்கண்ணியில் மூன்று விரலின் கறுப்புத் தடம். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, முறுக்கைப் பிரித்து நிதானமாக எண்ணினாள். நாற்பத்தெட்டு.

"நாப்பதுல விட்டுட்டுப் போனேன்," என்றாள். "காலையில வந்து நாலு ஏத்தலாம்னு இருந்தேன். நாலு ஏத்தியிருந்தா தோத்திருப்பேன். எட்டு வேணும்னு உங்க கைக்குத்தான் தெரிஞ்சிருக்கு, அக்கா."

அவள் சிரித்திருந்தால் மேசையைக் கவிழ்த்திருப்பேன். சிரிக்கவில்லை. என் கணவரைக் கூப்பிட்டுச் சொல்லவுமில்லை. என் கத்தரிக்கோலையும் நூல் உருண்டைகளையும் மடியில் வாரிக்கொண்டு பசை அறைப் பக்கம் நடந்தேன்.

"மெழுகு டப்பாவையும் எடுத்துக்கோங்க," என்றாள் என் முதுகைப் பார்த்து. "அந்தக் கறுப்பு ஒட்டினா போகாது."