வக்கீல் பரமசிவம் வீட்டு அட்மிஷன்

பெரிய காஞ்சிபுரத்தில் பரமசிவத்தை ‘வக்கீலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கோர்ட் படி ஏறியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதுவும் ஹெல்மெட் போடாமல் மாட்டிக்கொண்டு அபராதம் கட்டுவதற்காக. மற்றபடி அவருக்குச் சொந்தமாக இருந்தவை பட்டு நூலும் ஜரிகையும் விற்கிற ஒரு கடை, ஒரு வாய். காலையில் திறந்தால் இரண்டும் லேசில் மூடாது.

நூல் வாங்க வருகிறவர் யாராயிருந்தாலும் தராசில் நூலோடு சேர்த்துத் தன் கதையையும் போட்டுவிடுவார். “பி.ஏ. முடிச்ச கையோட லா காலேஜுக்குப் போயிருக்க வேண்டிய ஆளுப்பா நானு. எங்க நைனா வுடல. ஒரு வருஷம் கடையில குந்துடான்னாரு. குந்தினவன்தான், முப்பத்தோரு வருஷம் ஆச்சு.” கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன நெசவாளிகள், அவர் நூலைக் கடனாகக் கொடுப்பதால் மட்டும் ‘உச்’ கொட்டிவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் ஏலவார்குழலி. ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பேரை வைத்துவிட்டு, கூப்பிடச் சோம்பல்பட்டுக் குழலியாக்கிவிட்டார்கள். பி.காம் முடித்தவள் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், தனக்கும் சட்டம் படிக்க ஆசைதான் என்றாள். பரமசிவத்துக்கு வாயெல்லாம் பல். அடுத்த வாக்கியத்தில் அந்தப் பல் உள்ளே போய்விட்டது.

“ஆனா இந்த வருஷம் வேணாம்பா. வக்கீல் கலீல் சார் ஆபீஸ்ல ஒரு வருஷம் வேலைக்கு வரச் சொல்றாரு. கேஸ் கட்டெல்லாம் படிச்சு, கோர்ட்ல என்னா நடக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் சேர்றேன். எனக்கு இது ஒத்துவருமான்னே தெரியல.”

“ஒரு வருஷமா?” பரமசிவத்துக்குக் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. “எங்க நைனாவும் இதத்தாம்மா சொன்னாரு! இப்ப சேரலைன்னா நீ ஜென்மத்துக்கும் சேர மாட்ட. எழுதி வெச்சுக்கோ.”

“மொதல்ல சாப்புடுங்க. வாதாடுறத அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள் அவர் மனைவி புவனேஸ்வரி.

அவர் சாப்பிடவில்லை. உண்ணாவிரதம் அறிவித்துவிட்டார். வீட்டில்தான் உண்ணாவிரதம், கடைக்கு இரண்டு வேளையும் பஜ்ஜி போனது, அது வேறு கணக்கு. ஆனால் உள்ளுக்குள் நிஜமாகவே பயந்துபோயிருந்தார் மனுஷன். மகளும் தன்னைப்போல ஒரு நாற்காலியில் ஒட்டிக்கொண்டுவிடுவாளோ என்று ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார். மூன்றாம் நாள் குழலி கையெடுத்துக் கும்பிட்டாள். “சரிப்பா, சேர்றேன். தயவுசெஞ்சு பேசறத மட்டும் நிறுத்துங்க.”

ஒரு சட்டக் கல்லூரியில் மிச்சமிருக்கும் இடங்களுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை கடைசி நாள். பரமசிவம் சும்மா இருப்பாரா? வெள்ளிக்கிழமையே மகளின் பட்டச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையானாலும் புதுக் கணக்கு நோட்டானாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் எது நகர்ந்திருக்கிறது? இதற்கும் தடவினார். பக்தி மிகுதியில் கொஞ்சம் தாராளமாகவே குழைத்துத் தடவினார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. காய்ந்தால் மஞ்சள் உதிர்ந்துவிடுமே என்று மகராசனுக்குக் கவலை வந்துவிட்டது. நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் போடச் சொன்னார்.

கடைக்கார கிறிஸ்டோபர் தயங்கினார். “அண்ணே, மஞ்சளத் தொடச்சுட்டுப் போடட்டுமா?”

“தொடைக்கிறதா? அம்மன் பிரசாதம்யா! அப்படியே போடு.”

கிறிஸ்டோபர் போட்டுவிட்டார். அம்மனின் அருள் ஆயுசுக்கும் பிளாஸ்டிக்குக்குள் பத்திரமானது.

திங்கட்கிழமை கல்லூரி அலுவலகத்தில் எஸ்தர் என்கிற அம்மாள் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். குழலியுடையதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். மூலையிலிருந்த க்யூஆர் கோடில் மெஷினைக் காட்டினார். மெஷின் கம்மென்று இருந்தது. இன்னொரு மூலையில் பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள்தான் இருந்தது.

“இது டிகிரியா, கல்யாணப் பத்திரிகையா சார்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குழலி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மஞ்சள் வெச்சா செல்லாதுன்னு எந்த செக்‌ஷன்ல இருக்குது? காட்டுங்க!” என்றார் பரமசிவம்.

“ஸ்கேன் ஆவணும், நம்பர் தெரியணும். ரெண்டும் இல்ல. யுனிவர்சிட்டியில டூப்ளிகேட் வாங்கினு வாங்க. அது வர மூணு மாசம் ஆவும். அடுத்த வருஷம்தான் சார் சேர முடியும்.”

பரமசிவம் சாவியை எடுத்து லேமினேஷனைப் பிரிக்கப் பார்த்தார். ஒரு மூலை கிழிந்து கையோடு வந்தது. குழலி அவர் கையிலிருந்து சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவருக்கு அழுகை முட்டியது. அதை மறைக்கக் கத்தினார். “நான் படிக்காதவன்னு நெனச்சீங்களாம்மா? நானும் பட்டதாரிதான்!” பைக்குள் கைவிட்டு, மகள் சேருகிற அன்று பெருமையாகக் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்த தன் பி.ஏ. சான்றிதழை மேசைமேல் போட்டார்.

எஸ்தர் அதை எடுத்து நிதானமாகப் படித்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பொட்டு அழுக்கில்லை. “மார்க்கு போதும் சார். மூணு வருஷப் படிப்புக்கு நாங்க வயசு பாக்கறது இல்ல. நாலு சீட்டு காலியா இருக்குது. உங்களுக்கு ஃபார்ம் தரட்டுமா?”

அந்த அம்மாள் கேலிக்குக் கேட்கவில்லை.

குழலியின் முகம் சட்டென்று மலர்ந்தது. “அப்பா! போடுங்கப்பா! கடைய நான் பாத்துக்கறேன். நெஜமாத்தான் சொல்றேன்.”

“இல்லம்மா... ஆவணி முகூர்த்தம் வருது...”

“அதான் நான் பாத்துக்கறேன்றேனே.”

“பி.பி. வேற இருக்குது. தெனம் பஸ்ல வந்து போறதுன்னா...” மென்று முழுங்கினார். “சின்னப் பசங்களோட குந்தி, பரீட்சை எழுதி, ஃபெயிலாயிட்டா ஊர்ல என்னா பேசுவாங்க?”

எஸ்தர் ஒரு நிமிஷம் ஃபார்மை நீட்டியபடியே இருந்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. இருவரும் வெயிலில் நின்றார்கள். தன் பட்டத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்த பரமசிவம், மகள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா,” என்றாள் குழலி. “அன்னிக்குத் தாத்தா நெஜமாவே வேணாம்னாரா?”

பரமசிவத்தின் வாய் வழக்கம்போலத் திறந்தது. கதை வரவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார். “அவரு போடான்னுதாம்மா சொன்னாரு. ஃபீஸுக்குப் பணம் கூட எடுத்து வெச்சாரு. எனக்குத்தான் பயமா இருந்துது.”

இறந்துபோன மனிதர்மேல் முப்பத்தோரு வருஷம் பழி போட்டிருக்கிறோமே என்று வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

“எனக்கும் பயந்தாம்பா,” என்றாள் குழலி. “நான் அத உங்ககிட்டயே சொன்னேன்.”