பாமினி தெரியாத மெஷின்

ஷிப்லி பாமினியை மறந்துவிட்டான் என்பது, கொட்டாஞ்சேனைக் கல்லூரி அதிபரின் மேசையில் எங்கள் மெஷினைத் திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாமினி ஒரு பெண்பிள்ளை அல்ல, தமிழ் ஃபொன்ட். கொழும்பில் கலியாணக் கார்ட் முதல் மரண அறிவித்தல் வரை அதில்தான் அடிப்போம். அது இல்லாத மெஷினில் அப்படி அடித்தவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும்.

2008ஆம் ஆண்டு அது. புத்தக அளவுக் கொம்பியூட்டர்கள் வந்த புதிது. அவற்றின் வயிற்றுக்குள் யாருடைய மென்பொருள் இருப்பது என்று உலகத்துக் கொம்பனிகள் எல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்தன. வெள்ளவத்தையில் ஒரு சலூனுக்கு மேலே இருந்த எங்கள் ஒபிஸும் அந்தச் சண்டையில் ஓர் ஓரமாக நின்றது. ஷிப்லி முதலாளி. ஜெகதீஸ்வரியாகிய நான் பதினாறு வருட டைப்பிஸ்ட். வேறு ஆட்கள் இல்லை. இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் மென்பொருளைத் தமிழாக்கிச் சின்ன மெஷின்களில் போட்டு விற்பது எங்கள் திட்டம். திரையில் ‘சேமி’, ‘மூடு’ என்று நான் வைத்த சொற்களைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனம் துள்ளும். முப்பத்தொன்பது வயதில் முதன்முதலாக எனக்குப் பிடித்த வேலை அது. ஆனால் அதிபர் கதிர்காமநாதன் வாங்கவிருந்த நாற்பது மெஷினும் எங்களுக்குக் கிடைக்காவிட்டால் மாத முடிவில் ஒபிஸைப் பூட்டுவது என்று ஷிப்லி சொல்லியிருந்தான்.

கல்லூரிக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் என் அடையாள அட்டையைவிட மெஷினைத்தான் அதிக நேரம் புரட்டிப் பார்த்தார். “மேக்க கீயத?” என்று சிங்களத்தில் விலையும் கேட்டார். நல்ல சகுனம் என்றான் ஷிப்லி.

அதிபரின் மேசையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. மற்றது ஒரு பெரிய கொம்பனியின் மென்பொருள் போட்டது. அதைக் கொண்டுவந்த, கழுத்தில் ரை கட்டிய மனிதர் பாமினியை மறக்கவில்லை. அதிபர் தன் பென் டிரைவை நீட்டி, அதில் பரிசளிப்பு விழா அழைப்பு இருக்கிறது, யார் ஒழுங்காகக் காட்டுகிறீர்கள் பார்ப்போம் என்றார். சுற்றிவர ஆறு ஆசிரியர்கள். எங்கள் மெஷின் இருபது செக்கனில் எழும்பி, கோப்பைத் திறந்து, ஆங்கிலக் குப்பையைக் கொட்டியது. மற்றது இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது. ஆசிரியர்கள் சிரித்தார்கள். ஷிப்லியின் முகம் செத்துவிட்டது.

எனக்கு அது குப்பை இல்லை. அந்தக் கீபோர்ட் கட்டைகளைப் பதினாறு வருடம் தட்டியவளுக்குக் கண்ணுக்கு முன்னம் விரல் வாசித்துவிடும். உரத்து வாசித்துக்கொண்டே எங்கள் மெஷினில் இருந்த வேறு தமிழ் எழுத்தில் அடித்துக் காட்டினால் மானம் தப்பும் என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் வரி கண்ணில் பட்டதுமே, திறந்த வாயை மூடிக்கொண்டேன். ‘மனைவியை இழந்த, ஐம்பத்தொரு வயதான, பார்வைக்கு நாற்பத்திரண்டு மதிக்கத்தக்க அதிபர், அன்பான துணையைத் தேடுகிறார். இடியப்பம் அவிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குத் தெரியும்.’ மனுசன் அழைப்புக்குப் பதிலாகத் தன் கலியாண விளம்பரத்தைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

இதை வாசித்தால் நாங்கள் வெல்லலாம். அவர் நாளைக்கு இந்த ஆசிரியர்களின் முகத்தில் எப்படி முழிப்பார்? ‘அன்புடையீர், எமது கல்லூரியின் பரிசளிப்பு விழாவுக்கு’ என்று அங்கே இல்லாததை வாசித்து, வாசித்தபடியே அடித்தேன். தமிழ் பளிச்சென்று வந்தது. ஆசிரியர்கள் கைதட்டினார்கள். அதிபர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“பிள்ளை, உது நான் எழுதினது இல்லையே.”

“இடியப்பம் நீங்களே அவிப்பியளாம், சேர்” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்த நேரம் பார்த்து மற்ற மெஷின் எழும்பியது. ரை கட்டியவர் பென் டிரைவுக்குக் கை நீட்டினார். அதிபர் ஒரே பாய்ச்சலில் அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“தேவையில்லை. நாற்பதையும் இவையளிட்டையே எடுப்பம்.”

நியாயமாகப் பார்த்தால் தோற்றிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். ஆனால் எனக்கு வந்த சந்தோசத்தில் நியாயம் பார்க்க நேரம் இருக்கவில்லை. ஷிப்லி என்னைப் பார்த்து, “அக்கா, நான் கனவு காணல்லதானே?” என்று இரண்டு தரம் கேட்டான்.

எல்லோரும் தேத்தண்ணிக்குப் போனபோது அதிபர் என்னை மறித்தார். காது சிவந்திருந்தது.

“பார்வைக்கு நாற்பத்திரண்டு எண்டு புளுகினது கொஞ்சம் கூடிப்போச்சோ, பிள்ளை?”

“ஓம் சேர். அதை எடுத்துப்போடுங்கோ. மிச்சம் எல்லாம் நல்லா இருக்கு.”

அவர் தலையாட்டினார். நான் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். கதவைப் பாதி சாத்திவிட்டு எங்கள் மெஷினின் முன்னால் உட்கார்ந்த அதிபர், ஒற்றை விரலைக் கட்டைகளுக்கு மேலே பிடித்தபடி, தன் விளம்பரத்தைப் புதிதாக அடிக்க முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.