சொந்தப் பிள்ளையை எடுக்கக் கூடாது

"உன்னை யாரு எடுப்பா?" என்று கேட்டான் சொஹைல். வகுப்பில் டாம்சினுக்குப் பக்கத்து இருக்கை அவனுடையது. "எங்கம்மா இம்மோஜெனைத்தான் எடுப்பாங்களாம், இப்பவே சொல்லிட்டாங்க. அவளுக்கு மூக்கு ஒழுகாதாம்."

"எனக்கு ஆள் இருக்கு."

"யாரு, அரண்மனையிலேர்ந்து வர்றாங்களா?"

"வெள்ளிக்கிழமை பாரு. அப்புறம் வாயைத் திறக்க மாட்ட."

ஹாக்கன்ஷா தொடக்கப்பள்ளியின் ஆறாம் வகுப்பில் அந்த இலையுதிர் அரைப்பருவம் முழுக்க பழைய உலக யுத்தம்தான். பின்னங்களும் படித்தார்கள், மின்சுற்றும் படித்தார்கள். ஆனால் டென்பி சாருக்கு உயிர் யுத்தப் பாடத்தில் இருந்தது. குண்டு விழும் நகரங்களிலிருந்து பிள்ளைகளை ரயிலேற்றி அனுப்பியது, ஒவ்வொருத்தர் கழுத்திலும் பெயரட்டை கட்டியது, ஏதோ ஒரு கிராமத்து மண்டபத்தில் வரிசையாக நிறுத்தியது, ஊர்க்காரர்கள் வந்து தங்களுக்குப் பிடித்த பிள்ளையைப் பொறுக்கிக் கூட்டிப் போனது. அதை அவர் வருஷா வருஷம் நடத்திக் காட்டுவார். அரைப்பருவம் முடியும் வெள்ளிக்கிழமை, பள்ளி மண்டபத்தில். பெற்றோர்கள்தான் ஊர்க்காரர்கள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் விடுமுறை.

"ஒரே ஒரு விதி," என்றார் டென்பி சார். "யாரும் சொந்தப் பிள்ளையை எடுக்கக் கூடாது. அன்னைக்கு வந்து நின்ன பிள்ளைங்க முன்னப்பின்ன தெரியாத வீட்டுக்குத்தான் போனாங்க. நீங்களும் அப்படித்தான்."

டாம்சின் கை தூக்கினாள்.

"சார், மோரின் எங்கம்மா இல்லையே?"

டென்பி சாரின் காது இரண்டும் சிவந்தன. மோரின் பூத், அரசாங்கம் ஒப்படைக்கும் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள். டாம்சினுக்கு அது நாலாவது வீடு. ஆசிரியருக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். ஆனால் யாரும் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.

"இல்லை... சட்டப்படி பார்த்தா..."

"அப்ப அவங்க என்னை எடுக்கலாம்ல?"

"எடுக்கலாம்மா. தாராளமா எடுக்கலாம்."

"சார், இது கள்ளாட்டம்!" என்று சொஹைல் மேசையைத் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். டாம்சினும் சிரித்தாள். அம்மா பக்கத்தில் இல்லாததில் அவளுக்கு ஒரு லாபம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

அவளுக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை.

போன வாரம் மோரின் போனில் பேசியதை அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டிருந்தாள். மறுமுனையில் ரோவினா. டாம்சினை எந்த வீட்டில் வைப்பது என்று பார்க்கும் சோஷியல் வொர்க்கர்.

"பதினெட்டு வயசு வரைக்கும் அவளை வச்சுக்கறதுன்னா சும்மாவா, ரோவினா? எனக்கே அறுபத்தொண்ணு ஆகுது. லீவுக்குள்ள யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்கிறாள். அப்படியென்றால் இன்னும் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை மண்டபத்தில் மோரின் நேராக வந்து தன் கையைப் பிடித்தால் வைத்துக்கொள்ளப் போகிறாள். பிடிக்காவிட்டால் ஐந்தாவது வீடு. டாம்சின் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கணக்கு அது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஏதோ ஒரு தொண்டு நிறுவனம். திரையில் படம் காட்டினார்கள்.

"யாராவது உங்களை அடிச்சாலோ காயப்படுத்தினாலோ, நீங்க நம்புற ஒரு பெரியவங்ககிட்டச் சொல்லுங்க. அவங்க உங்களை நம்புவாங்க. சேர்ந்து சொல்லுங்க பார்ப்போம்!"

"சொல்லுவோம்! நம்புவாங்க!" என்று ஆறாம் வகுப்பு கத்தியது.

"அப்படிச் சொன்னா என்ன ஆகும்?" என்று இம்மோஜென் கேட்டாள். அவள் எதையும் முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள்.

"உடனே நடவடிக்கை எடுப்பாங்க. அன்னைக்கே."

புதன்கிழமை பந்து விளையாடும்போது சொஹைலின் முழங்கை டாம்சினின் மேல்கையில் இடித்தது. நாவல்பழ நிறத்தில் வீங்கியது. அவன் தன் சிப்ஸ் பொட்டலத்தைக் கொடுத்துச் சமாதானம் பேசினான். "யார்கிட்டயும் சொல்லாத. எங்கம்மா தோலை உரிச்சிடுவாங்க." அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மோரின் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். பழைய கோட்டு, முழங்கால் வரை சாக்ஸ், விஷவாயு முகமூடிப் பெட்டி மாதிரி கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, கையில் ஒரு சின்னப் பழைய சூட்கேஸ். கழுத்தில் பெயரட்டை.

"வருவீங்கல்ல?"

"வர்றேன்னு எத்தனை தடவை சொல்றது? தொப்பிகூட இரவல் வாங்கி வச்சிருக்கேன்." மோரின் பெயரட்டையின் நூலை முடிச்சுப் போட்டாள். "சாயங்காலம் உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும், பொண்ணே."

டாம்சின் சட்டென்று திரும்பினாள். முந்தைய மூன்று வீடுகளிலும் கடைசியாகக் கேட்ட வாக்கியம் அதுதான்.

"என்ன விஷயம்?"

"சாயங்காலம்னா சாயங்காலம்."

மண்டப வாசலில் டென்பி சார் ஊர்க்காவலர் தொப்பியோடு நின்றுகொண்டு, உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஞாபகம் இருக்கட்டும். சொந்தப் பிள்ளையை எடுக்கக் கூடாது. சொந்தப் பிள்ளையை எடுக்கக் கூடாது." பச்சைக் கோட்டும் இரவல் தொப்பியுமாக வந்த மோரினிடமும் சொன்னார். உங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். கையில் மணி, எதிரே கூட்டம். மறந்துபோனார்.

மணி அடித்தது.

சொஹைலின் அம்மா இம்மோஜெனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு அப்பா, "பல்லைக் காட்டுடா, குதிரை வாங்குற மாதிரி பார்க்கணும்ல," என்று ஒரு பையனின் தாடையைத் தூக்கினார். மண்டபம் குலுங்கியது. இன்னொருத்தர், "என் தோட்டத்துக்கு உருளைக்கிழங்கு தோண்ட ஆள் வேணும்," என்று தடியான இரண்டு பேரைப் பிடித்தார். எல்லோருக்கும் எல்லோருடைய பிள்ளையையும் தெரியும். சின்ன வயதிலிருந்து ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் பிறந்தநாள் கேக் சாப்பிட்டவர்கள். செப்டம்பரில் வந்து சேர்ந்த டாம்சினை யாருக்கும் தெரியாது. கண்கள் அவள் மேல் விழுந்து, வழுக்கிக்கொண்டு அடுத்தவளிடம் போயின.

அவள் கவலைப்படவில்லை. பச்சைக் கோட்டு மட்டும்தான் அவள் கண்ணில் இருந்தது.

பச்சைக் கோட்டு நெருங்கியது. அவள் முன்னால் நின்றது. புரண்டிருந்த பெயரட்டையை நேராக்கிவிட்டது.

"கூன் போடாத. நேரா நில்லு," என்றாள் மோரின்.

பிறகு பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். "நீதானே சொஹைல்? இவ வாயைத் திறந்தா உன் பேச்சுதான். வாடா."

சொஹைல் டாம்சினைப் பார்த்தான். மோரினைப் பார்த்தான். "எனக்கு டீ உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பின்னாலேயே போனான்.

வரிசை கரைந்தது. நாலு பேர், இரண்டு பேர். பிறகு டாம்சின் மட்டும்.

டென்பி சாருக்கு உள்ளுக்குள் ஏதோ உறைத்தது. ஆனால் மைக் கையில் இருந்தது. "பாருங்க, வரலாறுல நடந்ததும் இதுதான். எல்லா மண்டபத்துலயும் யாரோ ஒருத்தர் மிஞ்சினாங்க. அவங்களை விடுதிக்கு அனுப்பினாங்க. நம்ம டாம்சின் எவ்வளவு அருமையா நிக்கிறா பாருங்க!"

மண்டபம் கைதட்டியது.

எதிரே நீள மேசையில் ஜாம் ரொட்டியும் காரட் பிஸ்கட்டும் பரப்பியிருந்தன. மோரின் ஏதோ சொல்ல, சொஹைல் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தான். டாம்சின் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள்.

உதவி ஆசிரியை மிஸ் கில் பின்னாலேயே ஓடி வந்தாள். "என்னாச்சு கண்ணு? விளையாட்டுதானே?"

"நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்."

"எந்த வீட்டுக்கு?"

அவள் முந்திக்கொள்ள வேண்டும். மோரின் அனுப்புவதற்கு முன்னால் அவளே போய்விட வேண்டும். இந்தத் தடவை மிஞ்சுகிறவள் மோரினாக இருக்கட்டும். டாம்சின் கோட்டுக் கையை மேலே சுருட்டினாள்.

"மோரின்தான் பண்ணாங்க. கதவுல வச்சு நசுக்கினாங்க."

மிஸ் கில்லின் முகம் மாறியது. அவள் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் பயிற்சி. "சொன்னது ரொம்ப நல்லது, டாம்சின். நான் உன்னை நம்பறேன்," என்றாள். அதுவும் பயிற்சிதான். தலைமை ஆசிரியையின் அறை வாசலில் ஒரு நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

டாம்சினுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

"ஏய், இங்கயா இருக்க?"

மோரின். தொப்பி சரிந்திருந்தது. கையில் காகிதத்தில் சுற்றிய இரண்டு பிஸ்கட்.

"அந்த சொஹைல் எல்லாத்தையும் மொக்கிடுவான் போலிருக்கு. உனக்குன்னு பதுக்கிக் கொண்டுவந்தேன். மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"நீங்க ஏன் என்னை எடுக்கலை?"

"எப்படி எடுக்கறது? சொந்தப் பிள்ளையை எடுக்கக் கூடாதுன்னு வாசல்லயே அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்திட்டிருக்காரே. அதான் உன் சிநேகிதனா பார்த்து எடுத்தேன்."

டாம்சின் தலைமை ஆசிரியையின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

கதவு திறந்தது. மிஸ் கில் வெளியே வந்தாள். தலைமை ஆசிரியை மிஸஸ் ஃபெல், மோரினை நேராகப் பார்க்காமல், "மிஸஸ் பூத், கொஞ்சம் பக்கத்து ரூமுக்கு வர்றீங்களா? டாம்சின் இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

"எதுக்கு? அவளுக்கு உடம்பு சரியில்லையா?"

"வாங்க ப்ளீஸ்."

பிஸ்கட்டை டாம்சினின் மடியில் போட்டுவிட்டு மோரின் போனாள். அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

"பொய்!" டாம்சின் எழுந்து மிஸ் கில்லின் கையைப் பிடித்தாள். "மிஸ், நான் சொன்னது பொய். சொஹைல்தான் இடிச்சான். பந்து விளையாடறப்ப. அவனைக் கேளுங்க!"

சொஹைலைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு அவனே வந்தான். "ஆமா மிஸ், நான்தான். சத்தியமா. எங்கம்மாகிட்ட வேணும்னா சொல்லிக்கோங்க, பரவாயில்லை."

"சரி சொஹைல், குறிச்சுக்கறேன். நீ மண்டபத்துக்குப் போ."

மோரினை உட்கார வைத்துவிட்டு வந்த மிஸஸ் ஃபெல் டாம்சினின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். குரலில் நிஜமாகவே அன்பு இருந்தது.

"நீ எங்களை நம்பிச் சொன்ன. நாங்க உன்னை நம்பறோம்."

"அப்ப இப்ப சொல்றதையும் நம்புங்க மிஸ்!"

"பயந்துபோய் மாத்திச் சொல்ற பிள்ளைங்க நிறையப் பேர் உண்டும்மா. அவங்களைப் பார்த்துப் பேசினதுக்கு அப்புறம்தானே நீ மாத்திச் சொல்ற?"

"அவங்க பிஸ்கட் கொண்டுவந்தாங்க! அவ்வளவுதான்!"

மிஸஸ் ஃபெல் மிஸ் கில்லைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. டாம்சின் பேசப் பேச, அவள் முதலில் சொன்னது இன்னும் உறுதியாகிக்கொண்டே போனது.

பள்ளி விடும் நேரத்துக்கு ரோவினா வந்துவிட்டாள். மோரினை அந்த அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். விசாரணை முடியும்வரை அவள் டாம்சினைப் பார்க்கவோ பேசவோ கூடாது. வீட்டிலிருந்து துணிமணி பிறகு வரும்.

"லீவு முடியற வரைக்கும்தான், டாம்சின். நல்ல வீடு. நாய்கூட இருக்கு," என்றாள் ரோவினா.

அன்று காலைதான் மோரின் ரோவினாவுக்குப் போன் செய்து, "பதினெட்டு வரைக்கும் இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் நானே அவகிட்டச் சொல்றேன்," என்றிருந்தாள். அதை இப்போது சொல்லலாமா கூடாதா என்று ரோவினாவுக்குத் தெரியவில்லை. சொல்லாமலே கார்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் பெற்றோர்கள் கூடி விடுமுறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரட்டைப் பின்னலும் கழுத்தில் பெயரட்டையும் கையில் சூட்கேஸுமாக, அழுதுகொண்டே காரில் ஏறிய டாம்சினை இம்மோஜெனின் அம்மா பார்த்தாள்.

"இன்னும் வேஷத்தை விடலை பாரேன். என்னமா நடிக்குது அந்தப் பொண்ணு!"

கிறிஸ்துமஸுக்கு முன்னால் விசாரணை முடிந்தது. மோரின் பூத் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் டாம்சின் இரண்டு ஊர் தள்ளி வேறு பள்ளியில் சேர்ந்திருந்தாள். மறுபடி பெயர்த்து நடுவது பிள்ளைக்கு நல்லதல்ல என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். மோரின், இனிமேல் தனக்கு எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பள்ளியில் கிடந்த டாம்சினின் விளையாட்டுப் பையை வாங்கிப் போக மோரின் ஒருநாள் வந்தாள். நடைபாதைச் சுவரில் பெரிய எழுத்தில் இன்னும் ஒட்டியிருந்தது: 'இந்த அரைப்பருவத்தில் நாங்கள் கற்றது.' கீழே படங்கள். மண்டபம், ஜாம் ரொட்டி, இம்மோஜெனின் ஒழுகாத மூக்கு, இரவல் தொப்பியில் மோரினே.

"டாம்சின் படம் இல்லையா?"

டென்பி சார் அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தார். "அரசாங்கப் பொறுப்பில இருக்கற பிள்ளைங்க படத்தை வெளியில ஒட்டக் கூடாது. விதி. அதனால வெட்ட வேண்டியதாப் போச்சு."

வரிசையாகப் பிள்ளைகள் நிற்கும் படத்தின் வலது ஓரம் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. சொஹைல் நின்றான். அவனுக்குப் பக்கத்தில், தரையோடு ஒட்டி, ஒரு சூட்கேஸின் மூலை மட்டும் தெரிந்தது.

"விதியா?" என்றாள் மோரின். "அன்னைக்கும் அதைத்தான் சொன்னீங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். டென்பி சார் அடுத்த அரைப்பருவத்தின் பாடங்களை ஒட்டுவதற்காகப் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.