ஒரு வாரம் முந்திய நிழல்

பம்பின் நிழல் உடைந்து கிடந்த காலையில் நீரேற்று நிலையத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: பராமரிப்புப் பொறுப்பிலிருந்த மருமகள், அவளுக்கு முன் அதே பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற மாமனார், பம்பை இயக்கும் கொழுந்தன், மேலிடத்துப் பொறியாளர். இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் பிறகு வந்தவர்கள்.

அந்தப் பம்பின் நிழல் எதிர்ச் சுவரில் ஒரு வாரம் முந்தி விழும். பம்புக்குப் புது மூடி பொருத்துவதற்கு ஒரு வாரம் முன்பே நிழல் மூடி போட்டுக்கொண்டது. ஊருக்கு அது பழகிவிட்டது. வெள்ளையடிக்க வந்தவர் மட்டும், நிழல் கலையாமல் அடிக்க வேண்டுமா என்று ஒருமுறை கேட்டார். மாமனார் அந்தச் சுவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஊருக்கு இருந்தது அந்த ஒரே பம்பு. அவர் காலத்தில் அது ஒருநாளும் நின்றதில்லை. ‘நிற்காத பம்புக்காரர் வீடு’ என்றே அவர் வீட்டுக்குப் பெயர். அந்தப் பெயருக்காகவே அவர் தெருவில் நிமிர்ந்து நடந்தார்.

அன்று நிழலில் தண்டு இரண்டாக முறிந்திருந்தது. பம்போ சீராக ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் தண்டைத் தாங்கும் பேரிங் மேல் கை வைத்துப் பார்த்தாள், சூடில்லை. பொறியாளரின் கருவியும் குறை சொல்லவில்லை. ஆனாலும் இன்றே நிறுத்திப் பிரிக்க வேண்டும் என்றாள்.

“ஓடுற மெஷினை எவனாவது நிறுத்துவானா? நம்ம வீட்டுப் பேரு என்னம்மா ஆகுறது?”

“நாம நிறுத்தினா ஒரு பகல், மாமா. அதுவா முறிஞ்சு நின்னா ஒரு மாசம். அப்போ ஊரே குடத்தோட நம்ம வாசல்லதான் நிக்கும்.”

“அப்பா, நிழலே உங்க பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அண்ணியா கேக்கப் போறாங்க?” என்றான் கொழுந்தன்.

“நீ வாயை மூடுடா.”

அவர் முதல்முறையாகச் சுவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தண்ணீர் பிடித்துக்கொள்ளும்படி ஊருக்குச் சொல்லியனுப்பி, தொட்டி நிரம்பும்வரை காத்திருந்தார். பிறகு, “இதுல வேற யாரும் கை வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, சுவிட்சைத் தானே இறக்கினார். அப்படியொரு அமைதியை அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை.

பேரிங்கைக் கழற்றியபோது உள்வளையத்தில் மயிரிழையளவு விரிசல் இருந்தது. மருமகள் புதியதைப் பொருத்தினாள். மேல்மூடி இன்னும் தரையில்தான் கிடந்தது. அதற்குள் சுவரில் முறிந்த தண்டு ஒட்டிக்கொண்டு மெல்லச் சுழலத் தொடங்கியது. சுவரிலிருந்து நால்வர் முகத்திலும் காற்று பட்டது. கொழுந்தன் ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். பொறியாளர் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுத்த வாரத்தின் முன்னால் கைகட்டி நின்றார்.

மாலையில் பம்பு ஓடியது. அன்று முதல் அந்த வீட்டார் யார் வேலைக்குப் போனாலும் முதலில் சுவரைப் பார்க்கிறார்கள், பிறகு பம்பை.

அந்தக் குடும்பத்தின் கையில் பம்பு ஒருமுறை பழுதாகி நின்றது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். பம்பு நிற்கவில்லை, மாமனார் நிறுத்தினார்.