ஒன்று புள்ளி நான்கு விநாடி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கைப்பேசி செய்யும் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் ஆள் சொன்னது. போனைச் சாய்த்தால் உள்ளே இருக்கிற படம் எத்தனை நேரத்தில் திரும்புகிறது என்று அளப்பதுதான் அவர் வேலை. எங்கோ ஒரு காத்திருப்பு அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மற்றபடி அவர் யாரோ, நான் யாரோ.

[பொய். யாரோ இல்லை. பிறகு சொல்கிறேன்.]

அடைப்புக்குறிகளைப் பார்த்து மிரள வேண்டாம். என் கைப்பிரதிகளைத் திருத்திக் கொடுத்த ஒருத்தியின் பழக்கம் அது. அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் தொழில். நான் எங்கே கதை அளந்தாலும் ஓரத்தில் ஒரு சதுர அடைப்புக்குறி போட்டு, உள்ளே 'பொய்' என்று எழுதிவிடுவாள். கதையே பொய்தானே என்று வாதாடினால் மூக்கைச் சுருக்குவாள். இப்போது அவள் இல்லை. நானே போட்டுக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: மனித வாழ்வில் ஒன்று புள்ளி நான்கு விநாடி என்பது

வேண்டாம். மைக் பிடித்தவன் பேசுவது போல இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: அவனுக்கு மணிக்கட்டு வலித்தது, ஏனென்றால்

'ஏனென்றால்' என்று இழுத்தாலே எனக்கு என் மேல் நம்பிக்கை போய்விடுகிறது. நேராகச் சொல்லிவிடலாம்.

சோதனைக்காரன் ஒரு நாளைக்கு அறுநூறு தடவை போனைச் சாய்ப்பான். நிற்கிற போனைப் படுக்க வைப்பான், படுத்ததை நிமிர்த்துவான். தலைக்கு மேலே ஒரு கேமரா. அது ஒரு விநாடியை இருநூற்று நாற்பது படங்களாக வெட்டும். போன் சாய்ந்த படத்துக்கும் திரை திரும்பி முடிந்த படத்துக்கும் நடுவில் எத்தனை என்று எண்ணிக் கணக்கிட்டால் நேரம் கிடைக்கும். நல்ல போன் அரை விநாடியில் திரும்பிவிடும். மட்டமான போன் யோசிக்கும். யோசித்து முடிக்கிற வரைக்கும் திரை கறுப்பாக இருக்கும்.*

புதிதாக வந்த மாடலில் வீடியோ அழைப்பு நடக்கும்போது சாய்த்தால் ஒன்று புள்ளி நான்கு விநாடி ஆனது. மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"சார், ரொம்ப நேரம் கறுப்பா நிக்குது."

"வரம்பு எவ்வளவு?"

"ஒன்றரை."

"அப்புறம் என்ன? அந்த நேரத்துல யாரு குடி முழுகிடப் போகுது? பாஸ் போடு."

போட்டான். 'ஏற்கத்தக்கது' என்ற கட்டத்தில் டிக் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டான். அதே மாடலில் ஒன்றைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டான்.

* திரை திரும்பாமல் பூட்டி வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்தப் பிரிவில் யாரும் தங்கள் சொந்தப் போனில்கூடப் பூட்ட மாட்டார்கள். ஒரு தடவை யாரோ பூட்டிய போனை மேஜையில் விட்டுவிட்டுப் போக, ஒரு நாள் வேலை மொத்தமும் பாழாய்ப் போனது. அதிலிருந்து பூட்டு என்றாலே ஒரு பயம். இன்னொரு பழக்கமும் உண்டு. கையில் போன் வந்தால் மணிக்கட்டு தன்னால் சாய்ந்துவிடும். குழந்தை போட்டோவைக் காட்டினால்கூட முதலில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைப் பார்ப்பார்கள்.

3

சோதனைக்காரனுக்கு ஓர் அக்கா. காது கேட்காது, பேச்சும் வராது. சின்ன வயதிலேயே இரண்டு பேரும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கைப்பாஷை செய்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற சைகை இல்லை இது. பெற்ற அம்மாவுக்கே பாதிதான் புரியும். சுண்டு விரலைக் காதுக்குப் பின்னால் வைத்தால் 'பொய்'. இரண்டு விரலால் மூக்கைத் தட்டினால் 'அம்மா வருகிறாள், ஓடு'. உலகத்தில் அந்தப் பாஷை முழுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அக்கா வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஈரல் கெட்டுப்போய், கை கால் எல்லாம் வீங்கி, இடது மணிக்கட்டில் ஊசி குத்தி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் கிளம்பி வருவதாகத் தம்பி சொல்லியிருந்தான். அன்று மத்தியானம் மூன்று பத்துக்கு வீடியோவில் கூப்பிட்டான். அவளுக்குப் போனைப் பிடிக்கத் தெம்பில்லை. ஒரு நர்ஸ் கால்மாட்டில் நின்று பிடித்துக்கொண்டாள்.

அக்கா அவனைப் பார்த்தாள். இரண்டு நாளாக அசையாத வலது கையைத் தூக்கினாள். ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. அந்த நேரம் பார்த்து அவன் மணிக்கட்டு சாய்ந்தது.

திரை கறுத்தது.

படம் திரும்பி வந்தபோது அவள் கை போர்வை மேல் கிடந்தது. கண் மூடியிருந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவன் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். மூடிய கண்ணுக்கு என்ன தெரியும். ஐந்து மணிக்கு அவள் போய்விட்டாள்.

4

இந்த நர்ஸ் எனக்குச் சரிப்படவே இல்லை. நாலு தடவை மாற்றி எழுதிவிட்டேன். குள்ளமாக்கினேன், கண்ணாடி மாட்டினேன், அவசரக்காரியாக்கினேன், உருகுகிறவளாக்கினேன். "அக்கா என்ன சொன்னாங்க?" என்று தம்பி போனில் கத்தும்போது அவள் ஏன் வாயடைத்து நிற்க வேண்டும்? அந்தப் பாஷை தெரியாதது அவள் குற்றமா என்ன? ஒரு நர்ஸுக்கு இதில் இத்தனை குறுகுறுப்பு

[நர்ஸே கிடையாது. போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.]

அந்த அக்கா என் மனைவி, அடைப்புக்குறி போட்டவளும் அவள்தான். சோதனைக்காரன் என் மைத்துனன்.

பத்தொன்பது வருஷம் எழுதியே பேசிக்கொண்டோம். நோட்டில், துண்டுச் சீட்டில், பிறகு போனில். எழுத்தாளன் வேறு, எழுத்து போதாதா என்ற மிதப்பு. கல்யாணமான புதிதில் அவள் என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கிச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். 'அடுத்த மாசம் கத்துக்கறேன்' என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். அவள் சுண்டு விரலைக் காதுக்குப் பின்னால் வைத்தாள். நான் படித்த ஒரே வார்த்தை அதுதான்.

ஆகக்கூடி அன்று அவள் சொன்னதைப் பார்த்தவன் நான், எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவனுக்குத் திரை கறுத்துக் கிடந்தது.

5

மூன்று வாரம் கழித்து, ஒரு விடுமுறை நாளில், மைத்துனன் என்னைத் தன் சோதனை அறைக்கு அழைத்துப் போனான். வெள்ளை மேஜை, வெள்ளை விளக்கு, சுவரெல்லாம் பஞ்சு. கேமராவுக்குக் கீழே என்னை உட்காரவைத்தான்.

"அத்தான், அக்கா செஞ்சத அப்படியே செய்ங்க. அவசரம் இல்ல."

வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வைத்தேன். உள்ளங்கையைத் திருப்பினேன். முன்னால் சுட்டினேன்.

"மறுபடி."

செய்தேன்.

"மறுபடி."

அவன் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தான். "மொதல்ல ரெண்டு விரல் வச்சீங்க. இப்ப மூணு வச்சிருக்கீங்க."

"ரெண்டுதான் மாப்ள."

"நிச்சயமா?"

"நேத்து வரைக்கும் நிச்சயமாத்தான் இருந்துச்சு."

"விரல் தட்டுச்சா, அழுத்துச்சா? கடைசில காட்டினது போனையா? போனுக்குப் பின்னாடி நின்ன உங்களையா?"

இது அதுவரை என் மண்டையில் உறைக்கவே இல்லை. நான் போனுக்கு நேர் பின்னால்தான் நின்றேன். அவள் விரல் வந்த திசையில் நாங்கள் இரண்டு பேருமே இருந்தோம்.

பதினோராவது தடவை செய்யும்போது கை என் கையாகவே ஆகிவிட்டது. அவளுடையது அதில் எங்கேயும் இல்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த நேரத்துல நீ ஏன்டா சாய்ச்ச?"

கேட்டிருக்கக் கூடாது. அவன் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க ஏன் அத்தான் கத்துக்கல?"

கேமரா அணையாமல் எங்களை இருநூற்று நாற்பது இருநூற்று நாற்பதாக வெட்டிக்கொண்டே இருந்தது.

6

முடிவு அ: இரண்டு விரல், மெல்லத் தட்டல், சுட்டியது என்னை. அப்படியென்றால் 'அவரைப் பார்த்துக்கோ' என்று மைத்துனன் சொல்கிறான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்காகச் சொல்கிறானோ என்று தோன்றுகிறது.

முடிவு ஆ: மூன்று விரல், அழுத்தல், சுட்டியது அவனை. 'நேரமாச்சு, உடனே வா.' இதை அவன் ஒரு தடவைதான் சொன்னான். பிறகு கழிவறைக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தான்.

முடிவு இ: இதை அவனிடம் நான் சொல்லவில்லை. இதில் பாஷையே இல்லை. இடது மணிக்கட்டில் ஊசி இருந்தது. அவள் அதைத் தொட்டாள், கையைத் திருப்பினாள், ஆளைக் காட்டினாள். 'வலிக்கிறது, இதை எடுக்கச் சொல்லு.' எந்தக் கணவனுக்கும் புரிந்திருக்க வேண்டியது. கற்றுக்கொள்ளவே வேண்டாத வார்த்தை. நான் போனை வைத்துவிட்டு அவள் முன்னால் நோட்டையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நின்றேன். மூன்று பத்திலிருந்து ஐந்து மணி வரை அந்த ஊசி அங்கேயே இருந்தது.

[இதற்கு எதிரே 'பொய்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.]

உங்களிடம் விட்டுவிடுகிறேன். வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வையுங்கள், இரண்டோ மூன்றோ. உள்ளங்கையைத் திருப்புங்கள். எதிரே இருப்பவரைக் காட்டுங்கள். என்ன சொன்னதாகத் தோன்றுகிறதோ அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். எந்த முடிவை எடுத்துப் போனாலும் அவள் சுண்டு விரலைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோவாள். அதை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும்.