அழிக்கச் சொன்ன படங்கள்

“டீச்சர், பாட்டு எந்தப் பக்கத்துல வருது?”

அன்பரசி இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. மலேசியாவில் கோல சிலாங்கூரை ஒட்டிய தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், புதன்கிழமை வயலின் வகுப்பில், புதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“முப்பத்தொன்னாம் பக்கம். அதுக்கு முன்னால உள்ளதெல்லாம் வாசிச்சு முடி, அப்புறம் பாட்டு,” என்றார் புனிதவதி டீச்சர்.

அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். டவுனில் புத்தகக்கடை வைத்திருக்கும் ஜெய்னுலாப்தீன், அவர் வாங்கப் போன அன்று இரண்டு புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒன்றில் முதல் பக்கத்திலேயே சின்னப் பாட்டு இருந்தது. மற்றதில் பயிற்சிகள் மட்டும் நெருக்கமாக அச்சாகியிருந்தன; பரீட்சைக்குப் பொருத்தமானது. “பிள்ளைங்களுக்கு முதல்ல ஆசை வரணும், டீச்சர்,” என்று அவர் சொல்லிப் பார்த்தார். டீச்சர் பரீட்சைப் புத்தகத்தையே வாங்கினார்.

சரஸ்வதி பூசையில் அந்தப் புத்தகங்களை வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுப்பார். பூசையில் வைத்த புத்தகத்தில் ஒரு பக்கத்தையும் தாண்டக் கூடாது, ஒரு கோடும் கிறுக்கக் கூடாது என்பது அவர் வகுப்பின் சட்டம். அதைப் பக்தி என்று அவர் மனதார நம்பினார்.

பன்னிரண்டாம் பக்கம் வந்த வாரம், அன்பரசி பென்சிலும் கையுமாகப் பிடிபட்டாள். முந்தைய பக்கங்களிலும் அவள் வரைந்த படங்கள் இருந்தன.

“சாமிகிட்ட வெச்ச புத்தகம்னு தெரியாதா உனக்கு? எல்லாத்தையும் அழி. இங்கயே, எல்லார் முன்னாலயும்.”

வகுப்பு முடியும்வரை அவள் அழித்தாள். ரப்பர் தூள் பாவாடையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. அடுத்த புதன் அவள் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று டீச்சர் வருகைப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

பதினொரு ஆண்டுகள் போயின. இந்த ஆண்டு ஆறு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி பிரமிளா, அன்பரசியின் தங்கை. பக்கத்து மீனவ ஊரான பாசிர் பெனம்பாங்கில் இறால் உரிக்கும் வேலை முடிந்து, அவள் அம்மா லெட்சுமி நேராக மண்டபத்துக்கு வந்தார்.

“புதுப் புத்தகம் எதுக்கு டீச்சர்? பெரியவளோடது அப்படியே இருக்கு. பாதிகூட வாசிக்கல.”

“அன்பரசி எப்படி இருக்கா?”

“செரண்டாவுல ஃபேக்டரி வேலை. ஞாயித்துக்கிழமை வருவா. இவளுக்கு நீயே சொல்லிக் குடேன்டின்னு கேட்டேன். ‘எனக்கு வயலினே வராதுமா, டீச்சருக்கே தெரியும்’னு சிரிக்கிறா.”

லெட்சுமியும் சிரித்தார். டீச்சரால் சிரிக்க முடியவில்லை. அப்படி ஒரு வார்த்தையை அவர் என்றைக்கும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அன்றைக்கு அதைத்தான் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

லெட்சுமி போன பிறகு, அவர் கொடுத்துவிட்டுப் போன பழைய புத்தகத்தை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். பென்சில் கறுப்பு போயிருந்தது. அழுத்தி வரைந்த தடம் போகவில்லை. வில்லை நீளமாக இழுக்க வேண்டிய பயிற்சிக்குப் பக்கத்தில் ஆற்றில் ஒரு படகு. குட்டிக் குட்டிச் சுரங்களுக்குப் பக்கத்தில் கொத்தித் தின்னும் கோழிக்குஞ்சுகள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்த இடத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி, மேட்டில் திணறிக்கொண்டு. பிள்ளை கிறுக்கவில்லை. பாட்டு வரும்வரை தாக்குப்பிடிக்க, ஒவ்வொரு பயிற்சியையும் தனக்குப் புரிகிற மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஜெய்னுலாப்தீன் கடையில் நாலு புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு டீச்சர் வெகுநேரம் நின்றார்.

“கல்யாணப் பட்டு எடுக்கிறவங்ககூட இவ்ளோ நேரம் நிக்க மாட்டாங்க லா,” என்றார் ஜெய்னுலாப்தீன். “பரீட்சைப் புத்தகம் அந்தப் பக்கம் இருக்கு.”

“அது வேணாம், பாய். முதல் பக்கத்துல பாட்டு இருக்கணும். நீங்க அன்னிக்கே சொன்னீங்க.”

அவர் கேலியை நிறுத்திக்கொண்டு, பளபளப்பான ஒன்றை முன்னால் தள்ளினார். “இதப் பாருங்க, பக்கத்துக்குப் பக்கம் கலர் முயலு.”

டீச்சர் புரட்டிப் பார்த்துவிட்டு, வேறொன்றை எடுத்தார். பெரிய எழுத்து. முதல் பக்கத்தில் இரண்டே தந்தியில் வாசிக்கும் பாட்டு. ஓரங்களில் நிறைய வெற்றிடம்.

“இதுல படமே இல்லியே டீச்சர்?”

“அத பிள்ளைங்க போட்டுக்கும். ஆறு குடுங்க. ஆறு பென்சிலும்.”

சரஸ்வதி பூசையன்று பிற்பகல், யாரும் வருவதற்கு முன்பே டீச்சர் மண்டபத்தைத் திறந்தார். ஆறு புத்தகங்களை அடுக்கி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு பென்சிலை வைத்தார். பிறகு அன்பரசியின் புத்தகத்தை விரித்துக்கொண்டு, தானும் ஒரு பென்சிலோடு தரையில் உட்கார்ந்தார்.

தடம் பிடித்து வரைவதற்குக்கூட அவர் கைக்குப் பழக்கமில்லை. படகு வந்தது. குஞ்சுகள் வந்தன. லோரியின் சக்கரங்கள் வந்தன. பன்னிரண்டாம் பக்கத்தில் அவரைப் போலவே கொண்டை போட்ட ஒரு பெண், தோளில் வயலின், முகத்தில் பெரிய சிரிப்பு. வில் மட்டும் இல்லை. அந்த இடத்தில்தான் அன்று பென்சிலைப் பிடுங்கியிருந்தார்.

டீச்சர் வெகுநேரம் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வில்லைத் தானே வரைந்தார். கோணலாக வந்தது. அழிக்கவில்லை.

அந்தப் புத்தகத்துக்கும் சந்தனம் குங்குமம் இட்டார். பிரமிளாவுக்கான பையில், புதுப் புத்தகத்துக்கு அடியில் அதை வைத்தார். இன்று அது வீட்டுக்குப் போய்விடும். அன்பரசி வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

பிறகு எழுந்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார்.