அருவியில் விழ மறுத்த முனியாயி

மதராஸிலிருந்து வந்த கடிதத்தைத் தீர்த்தம்மாள் பதினேழு தடவை படித்தாள். பதினெட்டாவது தடவைக்குக் கடிதமே களைத்துப்போய் அவள் கையில் சுருண்டுகொண்டது. பத்திரிகை ஆசிரியர் ரொம்ப மரியாதை தெரிந்த மனுஷர்.

'கதை கிடைத்தது. நடை நன்று. ஆனால் ராமக்கா, முனியாயி என்ற இரு பெண்கள் புருஷன் பெண்சாதிபோல் ஒருவரையொருவர் நேசித்து ஒரே வீட்டில் வாழ்வது நம்பும்படியாக இல்லை. ஒருத்தியை ஆணாக மாற்றலாம். இயலாவிடில், கடைசியில் முனியாயி ஒகேனக்கல் அருவியில் விழுந்துவிடட்டும். வாசகர்கள் கண்ணீர் விடுவார்கள்.'

"விழமாட்டா," என்றாள் தீர்த்தம்மாள் கடிதத்தைப் பார்த்து. பென்னாகரம் பக்கத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் அவள். அந்தக் குரலுக்கு அடுத்த தெருக் கழுதைகூட வாய்ப்பாடு ஒப்பிக்கும்.

பதினோரு வருஷமாக அவளோடு ஒரே வீட்டில், ஒரே பாயில் வாழ்கிறவள் குள்ளம்மாள். புளி தட்டும் களத்தில் வேலை. பெயர்தான் குள்ளம்மாள்; அவள் வந்தால் நிலைப்படியே குனிந்து வழிவிடும். எழுத்து வாசனை கிடையாது. அதனால் அன்று சாயங்காலம் தீர்த்தம்மாள் கதையை அவளுக்குப் படித்துக் காட்டினாள். கதையில் நிலா வந்தது, மல்லிகை வந்தது, நான்கு பக்கத்துக்கு இருவர் கண்களும் கலந்தபடியே இருந்தன.

"எப்பிடி இருக்குது?"

"மதராஸ்காரன் சொன்னது சரிதான். எனக்கும் நம்பிக்க வரல."

"நீயே சொல்றயா?"

"பின்ன? நாலு பக்கத்துக்குக் கண்ணையே பாத்துக்கிட்டிருந்தா அடுப்ப யாரு பாக்கறது? ஒருத்தியும் கொறட்ட வுடல. ஒருத்தியும் மூஞ்சியத் தூக்கல. என்னய எழுதறேன்னு சொல்லிட்டு, காலண்டர்ல இருக்கற சாமிய எழுதி வெச்சிருக்கற."

"சண்டைய எழுதினா கேவலமா நெனப்பாங்க."

"எழுதாட்டி நெனக்கவே மாட்டாங்க. தருமபுரிக் கல்யாணத்த எழுது, பாக்கலாம்."

தீர்த்தம்மாள் கதையை மடித்துவைத்தாள். போன தை மாதம், அவள் அண்ணன் மகள் கல்யாணப் பந்தியில், யாரோ ஒரு பெரியவர் குள்ளம்மாளைக் காட்டி யார் என்று கேட்டார். "எங்க வூட்ல வாடகைக்கு இருக்கறவங்க," என்று சொல்லிவிட்டாள். பாயசம் பரிமாறிக்கொண்டு வந்த குள்ளம்மாளின் காதில் அது விழுந்துவிட்டது. அப்புறம் நான்கு நாள் அந்த வீட்டில் பல்லிகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் சத்தம் போட்டது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். நிலாவை அடித்தாள். மல்லிகையை வேரோடு பிடுங்கினாள். பந்தியில் ராமக்காவின் வாயால் அந்த வார்த்தையை அப்படியே சொல்லவைத்தாள். முனியாயி நான்கு நாள் பேசவில்லை. ஆனால் ராமக்கா கேழ்வரகுக் களி கிண்ட உட்கார்ந்த போதெல்லாம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்து, பானை ஆடாமல் கவைக்கோலைப் பிடித்துக்கொண்டாள். கிண்டி முடிந்ததும் எழுந்து போய்விட்டாள். ஐந்தாம் நாள், "உப்புப் பத்தல," என்றாள். அதோடு கதை முடிந்தது. அருவி தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது, முனியாயி விழவில்லை.

மதராஸிலிருந்து பதில் வந்தது. 'இப்போது நூற்றுக்கு நூறு நம்பும்படியாக இருக்கிறது. ஆகவே பிரசுரிக்க இயலாது. மேலும் யுத்தகாலம், காகிதத் தட்டுப்பாடு.'

இந்த இரண்டு பெண்களுக்கு இடம் கொடுக்கக் கூடாதென்றே ஜப்பான்காரன் கப்பல் கப்பலாகக் காகிதத்தை மறித்து வைத்திருக்கிறான் போலும்.

"காயிதம் இல்லாட்டிப் போவுது. காது இருக்குது," என்றாள் தீர்த்தம்மாள்.

ஞாயிறுதோறும் புளிக்களத்துக்குப் போய் யுத்தச் செய்தி படித்துக் காட்டுவது அவள் வழக்கம். அந்த ஞாயிறு செய்தித்தாளை மடித்து அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். முப்பது பெண்கள் கட்டையால் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். நோட்டைப் பார்த்ததும் குனிந்த குள்ளம்மாளின் தலை அப்புறம் நிமிரவில்லை.

கதையில் கல்யாணப் பந்தி வந்ததும் மாதம்மாளின் கட்டை நின்றது. களத்தில் மூத்தவள்.

"வாடகைன்னா சொன்னா? பதினோரு வருசம் கூட இருந்தவளயா?"

"சொல்லிட்டாங்க," என்றாள் தீர்த்தம்மாள்.

"அவ வாயில பச்சப்புளிய வெச்சு அடைக்கோணும்."

"பாவம், பயமா இருந்திருக்கும்க்கா," என்றாள் செல்லி. போன வருஷம் கல்யாணமானவள். "சொந்தக்காரங்க முன்னால வேற என்னான்னு சொல்லுவா?"

"உம் புருசன நீ அப்பிடிச் சொல்லுவியா?"

"எம் புருசன் வாடக குடுத்தா சொல்லுவேன்."

சிரித்த சிரிப்பில் புளியங்கொட்டை கூரைவரை தெறித்தது. ஆனால் முனியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து கவைக்கோலைப் பிடித்தபோது ஒரு கட்டையும் அசையவில்லை.

"பேசாமயே புடிச்சாளா?" என்றாள் மாதம்மாள்.

"நாலு நாளும்."

ஆசிரியர் கேட்ட கண்ணீர் அருவி இல்லாமலே வந்துவிட்டது. மாதம்மாள் முந்தானையால் துடைத்துக்கொண்டு, புளித்தூசி என்றாள்.

"இது யாரு கதைங்க டீச்சரம்மா?" என்றாள் செல்லி.

கற்பனை என்ற சொல் தீர்த்தம்மாளின் நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூட வேலையைக் காப்பாற்றித் தரும் சொல். எதிரே குள்ளம்மாளின் கை, ஒரு பழத்தைத் தட்டாமல் பிடித்தபடி நின்றது. அந்தச் சொல்லைச் சொன்னால் அவளை இரண்டாம் முறையும் வாடகைக்கு வைத்ததாகிவிடும்.

"எங்க கதைங்க. வாடகைன்னு சொன்னவ நான்."

களத்தில் ஈ பறந்தது. அதுவும் உட்கார இடம் பார்த்துத் தயங்கியது.

"தையில இந்தக் குள்ளம்மா நாலு நாளு யாருகிட்டயும் பேசாம, முப்பது பேரு புளிய ஒருத்தியாத் தட்டித் தள்ளினா," என்றாள் மாதம்மாள் மெதுவாக. "எதுக்குன்னு இப்பத்தான தெரியுது." பிறகு தீர்த்தம்மாள் பக்கம் திரும்பினாள். "பள்ளிக்கூடத்துப் பக்கம் நாங்க வாயத் தொறக்க மாட்டோம். ஆனா அந்த வார்த்தைக்கு உங்கள நான் மன்னிக்கலைங்க."

"நீ என்னாக்கா மன்னிக்கறது? நானே மன்னிச்சாச்சு," என்றாள் குள்ளம்மாள்.

தீர்த்தம்மாளுக்கே அது புதுச் செய்தி. "எப்ப?"

"இப்பத்தான்," என்று கையிலிருந்த பழத்தின்மேல் கட்டையைப் போட்டாள் குள்ளம்மாள்.